மண்ணூரிலிருந்து கோவை வரை: பிளக் போட்டு ஓடும் காரின் வரவு செலவு

தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு, பேரம்பாக்கம் போகும் சாலையில் திரும்பினால் வரும் ஊர்களில் ஒன்று மண்ணூர். காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம். ஏரித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நம்பி நெல் விளைந்த வட்டாரம். இன்றைக்கு இந்தப் பகுதியில் ஒரு பக்கம் நாற்று நட்டிருக்கும். அடுத்த பக்கம் கம்பெனி மதில் சுவர் நிற்கும். களை எடுக்கும் நேரத்திலேயே ஷிப்ட் பஸ்ஸும் ஓடும்.

இந்த மாற்றத்தின் பெரும்பகுதி கார்களால் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. சிப்காட் வளாகங்களுக்கு நிலம் எடுக்க, தமிழ்நாடு அரசு 1997-ல் தனிச் சட்டமே இயற்றியது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு இழப்பீட்டுப் பணம் வந்தால் முதலில் வீடு, அடுத்து கார் என்பது இங்கே சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி. ஒரு முறை செலவழித்துவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. விற்ற நிலமும் திரும்ப வராது. ஆகவே எந்தக் கார், எதற்காக, எவ்வளவு செலவில் என்ற கேள்வி இங்கே வெறும் ஆசை சம்பந்தப்பட்டதல்ல. குடும்பத்தின் முதலீடு சம்பந்தப்பட்டது.

இப்போது புதிதாக ஒரு பெயர் அடிபடுகிறது. ‘பிளக்-இன் ஹைபிரிட்’. வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் செய்யலாம்; சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும்; தொலைதூரப் பயணத்துக்கு இதுதான் சரி என்கிறார்கள். உண்மையில் அந்தக் கார் நீண்ட சாலையில் எப்படி நடந்துகொள்ளும்? மண்ணூரிலிருந்து கோயம்புத்தூர் வரை ஒரு விவசாயக் குடும்பம் அதில் புறப்படுவதாக வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

வழி இதுதான்: ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வாலாஜாப்பேட்டை, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், பெருந்துறை, அவிநாசி, கோவை. சுமார் 500 கி.மீ. உளுந்தூர்பேட்டை வழியாகவும் சேலம் போகலாம். ஆனால், மேடும் இறக்கமும் உள்ள கிருஷ்ணகிரி வழியில்தான் இந்தக் காரின் குணம் நன்றாகத் தெரியும்.

கரண்ட் மோட்டாரும் ஆயில் இன்ஜினும்

ஒரே கிணற்றில் கரண்ட் மோட்டாரும் ஆயில் இன்ஜினும் வைத்திருந்த விவசாயிக்கு இந்தக் காரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மும்முனை மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் ஓடும். கரண்ட் போனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாய்ச்சலை முடிப்பார்கள். பிளக்-இன் ஹைபிரிட் காரும் அப்படித்தான். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை மின் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வேகமாக முந்த வேண்டிய நேரத்தில் இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

கடைகளில் ‘ஹைபிரிட்’ என்று சொல்வதெல்லாம் இதுவல்ல. மூன்று வகை உண்டு. ‘மைல்டு ஹைபிரிட்’ என்பதில் சிறு மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ என்பதில் மோட்டார் கொஞ்ச தூரம் தனியாகவே காரை ஓட்டும். ஆனால், அதன் பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்டுக்குள் அடங்கும், வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் கார்களில் உள்ள ஹைபிரிட் இந்த ரகம். மூன்றாவதுதான் பிளக் உள்ள ஹைபிரிட். இதன் பேட்டரி பொதுவாக 10 முதல் 20 யூனிட் வரை கொள்ளும். 15 யூனிட் என்றால், 5 எச்.பி. மோட்டார் மூன்றரை, நான்கு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரம்.

உலகில் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் பிளக்-இன் ஹைபிரிட் கார், 2008 டிசம்பரில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் வெளியிட்டது. அதே நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலும் ஆலை உண்டு. ஆனால், இங்கே பொருத்தி விற்பது முழு மின்சாரக் கார்களைத்தான். இந்தியச் சந்தைக்கு இதுவரை வந்த பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த சொகுசு ரகங்கள். நடுத்தர விலைக்கு அவை இறங்கி வருவதற்குள் அவற்றின் நல்லது கெட்டதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

காவேரிப்பாக்கம் வரை கரண்ட்

அதிகாலையில் முழு சார்ஜுடன் கார் மண்ணூரை விட்டுக் கிளம்புகிறது. பேட்டரி 15 யூனிட். அதில் அடி மட்டம் வரை கார் உறிஞ்சாது. பேட்டரியின் ஆயுளுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் குளிர்சாதனமும் ஓட, யூனிட்டுக்கு 5 கி.மீ. என்று கணக்கு வைத்தால் 60 கி.மீ. தூரத்துக்குத்தான் கரண்ட் வரும்.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வாலாஜாப்பேட்டை வரையிலான சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று போன அனுபவம் இந்த வழியில் போனவர்கள் எல்லோருக்கும் இருக்கும். இந்த இடத்தில் மின் மோட்டாரின் அருமை தெரியும். வண்டி நிற்கும்போது மோட்டாருக்குச் செலவே இல்லை. பெட்ரோல் இன்ஜினோ நின்ற இடத்திலும் எரிபொருள் குடிக்கும்.

சுங்குவார்சத்திரம் தாண்டி, காஞ்சிபுரத்தை ஒட்டிச் சென்று, காவேரிப்பாக்கம் வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று, பல்லவர் காலத்தது, பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வரும். மழை பெய்த ஆண்டில் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அந்த ஏரியைப் பார்க்கும் இடத்தில் பெட்ரோல் இன்ஜின் உயிர் பெறும். கோவைக்கு இன்னும் 440 கி.மீ. இருக்கிறது.

ஆக, இந்தப் பயணத்தில் மின்சாரத்தின் பங்கு எட்டில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பெட்ரோல்.

பாலாற்றை ஒட்டி

முதன்முதலில் நீண்ட தூரம் கார் ஓட்டியவர் ஒரு பெண்மணி. 1888 ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களுடன் மன்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைம் வரை, 100 கி.மீ.-க்குச் சற்று கூடுதலான தூரம், கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில் போனார். அப்போது பெட்ரோல் பங்க் என்று ஒன்று கிடையாது. வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றிக்கொண்டார். மேடுகளில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய பாரத்பென்ஸ் லாரிகள்தான் இன்று ஒரகடத்தில் தயாராகி, இந்தச் சாலையில் ஓடுகின்றன.

வழியில் எரிபொருள் கிடைக்குமா என்ற பயம் அன்றிலிருந்து இருப்பதுதான். முழு மின்சாரக் காரை வாங்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணமும் அதுவே. பிளக்-இன் ஹைபிரிட்டில் அந்தப் பயம் இல்லை. எந்த பங்கிலும் நிறுத்திப் பெட்ரோல் போடலாம். ஆனால், ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜர், பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்குப் பயன்படாது. அவை மெதுவாக ஏறும் சார்ஜையே ஏற்கும். நிறைய இரண்டு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். டீ குடிக்கும் நேரத்தில் ஏறும் சார்ஜ் சில கிலோமீட்டருக்கு மேல் வராது. ஆகவே பயணத்தின் நடுவில் சார்ஜ் போடலாம் என்பது பெரும்பாலும் பேச்சளவில்தான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே சாலை போகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். தோல் பதனிடும் தொழிலின் கழிவு இந்த ஆற்றங்கரைக் கிணறுகளையும் நிலங்களையும் எப்படிக் கெடுத்தது என்பது இங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

மின்சாரக் கார்களின் காலத்தில் அந்தத் தீர்ப்பை மறக்கக் கூடாது. ஆயுள் முடிந்த பேட்டரி, கண்ட இடத்தில் உடைத்துக் கொட்டினால் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் விஷம். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரிகளை வைத்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம், இந்த விதி ஏட்டில் மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொப்பூர் இறக்கம்

வாணியம்பாடிக்குப் பிறகு நிலம் மேலேறுகிறது. பர்கூர் தாண்டினால் கிருஷ்ணகிரி. மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும் உள்ள மாவட்டம். மின்சார ஸ்கூட்டர் ஆலை அமைந்த போச்சம்பள்ளியும் இந்த மாவட்டத்தில்தான். ஏற்றத்தில் பேட்டரி காலியான பிளக்-இன் ஹைபிரிட் சற்றுச் சிரமப்படும். காலியான பேட்டரியும் ஒரு சுமைதானே. அதையும் இன்ஜின் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நான்கு வழிச் சாலை தெற்கே திரும்பி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய்க்கு வருகிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் இடம் என்று பெயர் வாங்கிய இறக்கம். பீடபூமியிலிருந்து சேலம் சமவெளிக்கு நிலம் சுமார் 200 மீட்டர் இறங்குகிறது.

இறக்கத்தில் மின் மோட்டார் வேறு வேலை பார்க்கும். சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளலாம். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்து பேட்டரிக்கு அனுப்பும். அந்த இழுவையில் வண்டியின் வேகமும் கட்டுப்படும். பிரேக் சூடாகாது, தேயாது. மலைப்பாதையில் இதுவே பெரிய பாதுகாப்பு.

ஆனால், இறக்கத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள கார் 200 மீட்டர் இறங்கினால், கிடைக்கும் மொத்த ஆற்றலே ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். காற்றுத் தடையும் மற்ற இழப்பும் போக, அரை யூனிட் அல்லது முக்கால் யூனிட் பேட்டரிக்குச் சேரும். அது மூன்று, நான்கு கி.மீ. ஓடப் போதும். பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அதுவும் சேராது. ஏற்கெனவே நிறைந்த தொட்டியில் தண்ணீர் விடுவது போல வீணாகும். எனவே தருமபுரியில் தங்கி முழு சார்ஜ் போட்டுக்கொண்டு உடனே தொப்பூரில் இறங்குவதால் லாபமில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இப்படிப்பட்ட பல கார்களில் ‘சார்ஜைப் பிடித்து வை’ என்று சொல்லும் பொத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது இன்ஜின் சிக்கனமாக ஓடும். ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதான் அது எரிபொருளை வீணாக்கும். அதனால் சார்ஜை நெடுஞ்சாலையில் கரைக்காமல், சேலத்திலும் கோவையிலும் நெரிசலில் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

டேங்கில் இருக்கும் மக்காச்சோளம்

சேலம் தாண்டி சங்ககிரி வழியாக காவிரியைக் கடக்கும்போது, இடது கைப் பக்கம் நாமக்கல் மாவட்டம். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்போன இடம். இங்கேதான் பெட்ரோல் டேங்குக்கும் விவசாயிக்கும் உள்ள உறவு தெரியவரும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் குருணை அரிசியிலிருந்தும் எடுப்பது. காவேரிப்பாக்கத்தில் தொடங்கி கோவை வரை 440 கி.மீ.-க்கு, லிட்டருக்கு 15 கி.மீ. என்றால், ஏறக்குறைய 30 லிட்டர் பெட்ரோல் ஆகும். அதில் 6 லிட்டர் எத்தனால். ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஒரு டன் கரும்பின் சாற்றிலிருந்து சுமார் 70 லிட்டர். அப்படியானால், இந்த ஒரு பயணத்தில் கார் குடிப்பது சுமார் 16 கிலோ மக்காச்சோளம், அல்லது சுமார் 85 கிலோ கரும்பு.

எத்தனால் ஆலைகள் மக்காச்சோளம் வாங்கத் தொடங்கியதும், கோழித் தீவனத்துக்கும் ஆலைக்கும் போட்டி வந்தது. பண்ணையாளர்கள் தீவனச் செலவு ஏறிவிட்டது என்றார்கள். மக்காச்சோளம் போட்டவர்களுக்கு ஒரு சந்தை கூடுதலாகக் கிடைத்தது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். வரத்து அதிகமானால் விலை அதற்குக் கீழே போகும் காலமும் உண்டு. சாலையில் எந்த வகைக் கார் அதிகமாகிறது என்பது, பெரம்பலூரிலும் சேலத்திலும் மக்காச்சோளம் விதைப்பவரின் விலையையும் தொடும் விஷயம். முழு மின்சாரக் காருக்கு எத்தனால் வேண்டாம். பிளக்-இன் ஹைபிரிட்டோ இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது.

எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் சற்றுக் குறையும். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். தினமும் கரண்டிலேயே ஓட்டிவிட்டு, மாதக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் தேக்கிவைத்தால் பெட்ரோல் கெட்டுப்போகும். பல மாதம் ஓடாத ஆயில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது படும் பாட்டை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் டேங்கை நிரப்பி வைக்காமல், பாதியளவு பெட்ரோலோடு வைத்துக்கொண்டு, அவ்வப்போது இன்ஜினை ஓட விடுவதே முறை.

அவிநாசி தாண்டி

பவானியில் ஆற்றைக் கடந்தால் ஈரோடு மாவட்டம். மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மண். பெருந்துறை தாண்டி அவிநாசி. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசி திட்டத்தின் குழாய்கள் போகும் பகுதி. பவானி ஆற்றின் உபரி நீரை நீரேற்று நிலையங்கள் மூலம் உந்தி, 1,045 ஏரி குளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டம். ஒவ்வொரு சொட்டும் மின்சாரத்தால் மேலேறி வருகிறது. காரோ கிணறோ குளமோ, எல்லாவற்றுக்கும் ஒரே கம்பியில் வரும் கரண்ட்தான் வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் பெருகும். மற்ற மாதங்களில் நிலக்கரியை அதிகம் நம்ப வேண்டும். ஆகவே கரண்டில் ஓடும் காருக்குப் புகையே இல்லை என்று சொல்ல முடியாது. புகை வேறு ஊரில் வருகிறது.

சாயங்காலம் கோவை. 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் இங்கே வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த ஊரில் இருக்கிறது. 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிறுவனமும் இங்கேதான். ‘ஹைபிரிட்’ என்ற சொல் விவசாயிக்குப் புதிதல்ல. தடித்த, இனிப்பான கரும்பையும் காட்டில் தானாக வளரும் பேய்க்கரும்பையும் ஒட்டுச்சேர்த்து பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இங்கே உருவாக்கிய கோ 205 ரகம், இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. ஒன்றின் இனிப்பும் மற்றதன் தாங்கும் சக்தியும் ஒரு செடியில் சேர்ந்தன. காரில் அப்படி நடப்பதில்லை. மோட்டாரின் சிக்கனமும் இன்ஜினின் தூரமும் சேரும். இரண்டின் எடையும் இரண்டின் விலையும் பராமரிப்பும்கூட சேர்ந்தே வரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வீட்டுக் கரண்ட் யூனிட் 9 ரூபாய், நெடுஞ்சாலை சார்ஜர் யூனிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் சாதாரண பெட்ரோல் கார், 500 கி.மீ. போக சுமார் 3,330 ரூபாய் ஆகும். பிளக்-இன் ஹைபிரிட்டில், சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 13.5 யூனிட் கரண்டுக்கு சுமார் 120 ரூபாய், பெட்ரோலுக்கு சுமார் 2,930 ரூபாய். மொத்தம் சுமார் 3,050 ரூபாய். மிச்சம் சுமார் 280 ரூபாய்தான். பிளக் இல்லாத ஸ்ட்ராங் ஹைபிரிட், லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் 2,500 ரூபாயில் போய்விடும். முழு மின்சாரக் காரில், வீட்டில் நிரப்பியது போக ஒரு முறை கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்தி சார்ஜ் போட்டால், சுமார் 1,200 ரூபாய். 2025 ஜனவரியில் வந்த, இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 51.4 யூனிட். ஒரு நிறுத்தத்தில் கோவையை எட்டிவிடலாம்.

அதே பிளக்-இன் ஹைபிரிட் ஊரில் ஓடட்டும். மண்ணூரிலிருந்து சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று நாளுக்கு 40 கி.மீ. ஓடினால் முழுவதும் கரண்டிலேயே முடியும். பெட்ரோலில் 267 ரூபாய் ஆவது, கரண்டில் சுமார் 81 ரூபாயில் முடிகிறது. நாளுக்கு 186 ரூபாய் மிச்சம். கோவை வரை ஓடி மிச்சம் பிடிப்பதை, ஊரில் ஒன்றரை நாளில் பிடித்துவிடலாம். பிளக்-இன் ஹைபிரிட் தினசரிக் குறுகிய ஓட்டத்தில்தான் சம்பாதிக்கும். நீண்ட பயணத்தில் அது தருவது பண மிச்சம் அல்ல, வழியில் நின்றுவிட மாட்டோம் என்ற தைரியம் மட்டுமே.

அதுவும் ஒழுங்காகச் சார்ஜ் போட்டால்தான். ஐரோப்பாவில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் புகை, சோதனைக் கூடத்தில் அளந்ததைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு இருப்பதாக 2024-ல் ஐரோப்பிய ஆணையம் தெரிவித்தது. வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு சார்ஜ் போடாமல், பெட்ரோலிலேயே ஓட்டியதுதான் முக்கியக் காரணம்.

பிளக் போடும் முன்

பம்ப் செட்டுக்குத் தரும் இலவச மின் இணைப்பிலிருந்து காரை சார்ஜ் செய்யக் கூடாது. கொட்டகையில் பிளக் பாயின்ட் இருக்கிறதே என்று போட்டுவிட்டால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். ஒரு காருக்காகக் கிணற்று இணைப்புக்குச் சிக்கல் வரவைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு இணைப்பில் போட்டாலும் பில்லைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு 9 யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்குக் காருக்கு மட்டும் 540 யூனிட். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சார்ஜ் போட 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், சரியான எர்த் மூன்றும் அவசியம். ஜங்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு போய்ப் போடுவது தீ விபத்துக்கு வழி. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு வீட்டு ஒயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வெளியிலிருந்து பிளக் போட முடியுமா? பேட்டரி எத்தனை யூனிட், எத்தனை வருட வாரன்டி? வேக சார்ஜர் ஏற்குமா? எல்லா வரியும் சேர்த்து விலை என்ன? மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்; 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட் காருக்கு 40 சதவிகிதம். இந்த வித்தியாசம் மட்டுமே லட்சக்கணக்கில் வரும்.

பதில் கையில் வந்ததும், குடும்பம் ஒரு மாதத்தில் உண்மையில் எத்தனை கி.மீ. போகிறது, அதில் எத்தனை முறை 100 கி.மீ. தாண்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் கோவைக்கோ திருநெல்வேலிக்கோ போகிற குடும்பமாக இருந்தால், அந்த இரண்டு பயணத்துக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைக் கிணறு ஆழப்படுத்தவும் சொட்டுநீருக்கும் வைத்துக்கொள்வது, நிலம் இன்னும் கையில் இருக்கும் மண்ணூர் குடும்பங்களுக்கு லாபமான வழி.